படத்தில் மலையை நகர்த்தலாமா?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம்மவர் பழமொழி. நிழற்படக் கருவி தோன்றியபோது, இப்பழமொழிக்கு ஒரு விலக்குக் கிடைத்துவிட்டதென்று உலகம் மகிழ்ந்தது. மனிதன் பொய் சொல்லலாம், ஓவியன் மிகைப்படுத்தலாம், கண்ணாடி வில்லைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று மக்கள் நம்பினர். இன்றோ, கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஒரு விரலால் தொட்டு வெளிறிய வானத்தைச் சிவக்கச் செய்யலாம். மறைக்கும் மரத்தை அழிக்கலாம். இல்லாத நிலவை எழச் செய்யலாம். இவ்வளவும் செய்ய முடியும் என்றாகிவிட்ட பின், எவ்வளவு செய்யலாம் என்ற வினா எழுவது இயல்பே. இயற்கைக் காட்சிப் படத்தை எந்த அளவுக்குத் திருத்தலாம்? எங்கே நிறுத்த வேண்டும்?

இந்த வினா எனக்கு நூலகத்தில் எழவில்லை. கங்கைக் கரையில், என் அத்தையின் வாயிலிருந்து எழுந்தது.

வடநாட்டுக்குப் படிக்க வந்த முதல் ஆண்டு, மார்கழி மாதத்தில் நண்பர் சிலருடன் காசிக்குச் சென்றிருந்தேன். அங்கே படித்துறைகள் ஆற்றின் மேல்கரையில் கிழக்கு நோக்கி அமைந்திருப்பதால், எதிர்க்கரை மணல்வெளியின் மேல் கதிரவன் எழுவதை நேருக்கு நேர் காணலாம். பனிமூட்டத்தின் ஊடே சூரியன் செம்பிழம்பாக எழுந்த வேளையில் ஒரு படம் எடுத்தேன். விடுதிக்குத் திரும்பிக் கணிப்பொறியில் பார்த்தபோது, படத்தில் மூன்று குறைகள் தெரிந்தன. மின்கம்பி ஒன்று வானத்தைக் குறுக்காக அறுத்தது. படிகளில் யாரோ புடைவைகளை உலர்த்தியிருந்தார்கள். படியின் ஓரத்தில் ஒரு சாக்கடை வாய் திறந்து ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. மூன்றையும் அழித்தேன். மூட்டத்தையும் சிறிது விலக்கினேன். படம் அழகாக அமைந்தது. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அத்தைக்கு அனுப்பினேன். அவர் அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டிவைத்தார்.

மறு ஆண்டு அத்தை காசிக்கு வந்தார். படத்தில் கண்ட அதே படியைக் காட்டச் சொன்னார். அழைத்துச் சென்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “ஏல, நீ அனுப்புன படத்துல இந்தச் சாக்கடை இல்லியே? இந்தப் படியிலதான் முங்கிக் குளிக்கணும்னு நெனச்சுக்கிட்டு வந்தேன்” என்றார். பிறகு, உலர்ந்துகொண்டிருந்த புடைவைகளைப் பார்த்துவிட்டு, “இது நல்லாத்தானே இருக்கு, இத ஏன் எடுத்தே?” என்றும் கேட்டார். இரண்டு கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. அன்று தொடங்கிய சிந்தனையையே இங்கு எழுதுகின்றேன்.

தொடாத படம் என்பது உண்டா?

‘எந்தத் திருத்தமும் கூடாது, காமிரா கொடுத்ததை அப்படியே வைப்பதே நேர்மை’ என்று கூறுவாரும் உளர். கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆனால் தொடாத படம் என்று ஒன்று உண்மையில் இல்லை.

இக்காலக் காமிராவுக்குள் இருக்கும் உணரியில் கோடிக்கணக்கான சிறு புள்ளிகள் உள்ளன. பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒரு நிறத்தின் ஒளியை மட்டுமே அளக்கிறது. மற்ற இரு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கருவியே கணக்கிட்டு நிரப்புகிறது. இவ்வாறு அளந்த எண்கள் அப்படியே சேமிக்கப்பட்டால் அதனை ‘ரா’ கோப்பு என்பர். 14 பிட் கோப்பானால் ஒவ்வொரு புள்ளியிலும் 16,384 ஒளிப்படிகள் இருக்கும். நாம் நண்பர்களுக்கு அனுப்பும் ‘ஜேபெக்’ படத்திலோ ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. பதினாறாயிரத்தை இருநூற்றைம்பத்தாறாகச் சுருக்கும்போது எதைக் காப்பது, எதை விடுவது என்று யாரேனும் முடிவு செய்தாக வேண்டும். நாம் செய்யாவிட்டால், கருவியைச் செய்த பொறியாளர் நமக்காக முன்பே முடிவு செய்து வைத்திருப்பார். ‘நான் திருத்தவில்லை’ என்பதன் பொருள், ‘வேறொருவரைத் திருத்தவிட்டேன்’ என்பதே.

இதற்குத் தக்க சான்று 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் கிடைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காட்டுத்தீயின் புகை மேலெழுந்து, சான்பிரான்சிஸ்கோ நகரின் வானம் பட்டப்பகலில் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. மக்கள் கைப்பேசியால் படம் எடுத்தனர். படத்தில் வானம் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது! வெள்ளை எது என்பதைத் தானே ஊகிக்கும் ‘ஒயிட் பாலன்ஸ்’ என்னும் அமைப்பு, ஆரஞ்சு வானத்தைத் தவறென்று கருதித் ‘திருத்தி’விட்டது. கண் கண்டதைக் காட்ட வேண்டுமானால் அந்த அமைப்பை நிறுத்திவிட்டு நிறத்தைக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. அன்று தொடாத படம் பொய் சொன்னது. திருத்திய படமே மெய் சொன்னது.

இன்னொரு காரணமும் உண்டு. வெயில் விழும் மலையுச்சிக்கும் நிழல் படிந்த பள்ளத்தாக்குக்கும் உள்ள ஒளி வேறுபாடு ஆயிரக்கணக்கான மடங்காக இருக்கலாம். அச்சிட்ட தாளிலோ, மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நூறு மடங்கு, மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். ஒரு மரக்காலை உழக்குக்குள் கொட்ட முடியுமா? ஆதலால் வானத்தைச் சிறிது அடக்கியும் நிழலைச் சிறிது உயர்த்தியும் தருவது ஏமாற்று வேலையன்று. நம் கண்கள் மேலும் கீழும் நோக்குந்தோறும் பாவையைச் சுருக்கியும் விரித்தும் செய்துகொள்ளும் வேலையைத்தான் நாம் படத்தில் செய்கின்றோம்.

முன்னோர் செய்தவை

படத்தைத் திருத்தும் பழக்கம் கணிப்பொறியோடு வந்ததென்று எண்ணுவது தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வழங்கிய மருந்துத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டும் மிகுதியாக இளகும் தன்மையுடையவை. நிலம் சரியாகப் பதியும்வரை காத்திருந்தால், வானம் மிகையாகப் பதிந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பிரெஞ்சு நாட்டுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளை எடுத்தபோது, கடலுக்கு ஒரு நெகடிவும் வானுக்கு ஒரு நெகடிவுமாக எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களுக்கு மேல் அவர் வைத்ததும் உண்டு.

நம் ஊர்களும் இத்திருத்தத்துக்குத் தப்பவில்லை. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858ஆம் ஆண்டையொட்டி மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களைப் படம் எடுத்தார். மெழுகு தடவிய காகித நெகடிவின் மேல் தூரிகையால் தீட்டி, வெறுமையான வானத்தில் மேகங்களையும் மரங்களில் இலை விளிம்புகளையும் அவர் சேர்த்திருப்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். நெகடிவில் மை படிந்த இடம் அச்சில் வெளுப்பாகும், வெண்மேகம் பிறக்கும். எனினும் கோபுரத்தின் நிலையொன்றைக் கூட்டினாரோ குறைத்தாரோ என்றால், இல்லை. நெகடிவ் காட்ட மறுத்தவற்றையே அவர் கையால் ஈடுசெய்தார். இந்த வேறுபாடு நினைவில் இருக்கட்டும்.

இயற்கைக் காட்சிப் படத்துக்கு இலக்கணம் வகுத்தவர் என்று போற்றப்படும் அமெரிக்கர் ஆன்செல் ஆடம்ஸ் (1902 – 1984) செய்தவை இன்னும் நுட்பமானவை. 1941ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில் எர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு எழுவதைக் கண்டு அவர் காரை நிறுத்தினார். மறையும் வெயிலில் கல்லறைச் சிலுவைகள் ஒளிர்ந்தன. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு தமக்குத் தெரியுமாதலால் அதைக் கொண்டே மனக்கணக்காகக் கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்த தகட்டை எடுப்பதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகடிவிலிருந்து பின்னாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் அச்சிட்டார். தொடக்கப் படிகளில் மேல்வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரிகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, இருட்டறையில் அப்பகுதிக்கு மிகுதியாக ஒளி காட்டி, வானத்தைக் கரிய திரையாக்கிவிட்டார். நெகடிவை இசையமைப்பாளர் எழுதிவைத்த சுரத்தாளுக்கும், அச்சிடுதலை அதனைப் பாடிக்காட்டுவதற்கும் அவர் ஒப்பிடுவது வழக்கம். நம் வழக்கில் சொல்வதானால், கீர்த்தனம் ஒன்றே. ஒவ்வொரு கச்சேரியிலும் பாடுபவர் தரும் அழுத்தம் வேறு. சாகித்தியத்தை மட்டும் மாற்றுவதில்லை.

ஆனால் அவரும் ஒருமுறை சாகித்தியத்தில் கை வைத்தார். 1944இல் கலிபோர்னியாவின் லோன் பைன் என்ற ஊரிலிருந்து சியரா நெவாடா மலைத்தொடரின் குளிர்கால விடியலைப் படம் எடுத்தார். அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள், ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளான ‘எல்’, ‘பி’ இரண்டையும் மலைச்சரிவில் வெண்கற்களால் பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அவ்வெழுத்துகளை நெகடிவிலேயே மறைத்துவிட்டார். அதற்காகச் சிலர் அவரைக் குறை கூறினர். அவர் அச்செயலை ஒளிக்கவில்லை. மலையில் மனிதன் இட்ட தழும்பை நிலைநிறுத்தத் தமக்கு மனம் இல்லை என்று தம் நூலில் வெளிப்படையாகவே எழுதினார்.

இவ்விடத்தில் நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: ஆடம்ஸ் எழுத்துகளை அழித்ததற்கும் நான் சாக்கடையை அழித்ததற்கும் என்ன வேறுபாடு?

மூன்று படிகள்

விடை காண்பதற்குத் திருத்தங்களை மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளுதல் நலம்.

முதற்படி, ஈடுசெய்தல். கருவியின் குறையால் இழந்ததை மீட்பது இது. சாய்ந்த தொடுவானத்தை நேராக்குதல், வில்லையில் ஒட்டிய தூசியின் புள்ளியை அகற்றுதல், நிறத்தைக் கண் கண்டவாறு அமைத்தல், வெளிறிய வானத்தை அடக்குதல் ஆகியவை இதில் அடங்கும். இதற்கு எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி, அழுத்தம் கொடுத்தல். பார்ப்பவர் கண்ணை ஒரு மரத்தின்மேலோ ஒரு மலைமுகட்டின்மேலோ நிறுத்துவதற்காக ஓரிடத்தை ஒளிரச் செய்து மற்றோரிடத்தை மங்கச் செய்வது. இது கலைஞனின் உரிமை. ஆயினும் அளவு மீறினால் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் படி, பொருளை மாற்றுதல். இருந்ததை அழித்தல், இல்லாததைச் சேர்த்தல், இடம் மாற்றுதல் ஆகியவை இதில் சேரும். 1982ஆம் ஆண்டு பிப்ரவரி மாத ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ், அகலவாக்கில் எடுத்த படம் உயரவாக்கிலுள்ள அட்டைக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக, எகிப்தின் கீசா பிரமிடுகளைக் கணிப்பொறியால் நெருக்கி வைத்தது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேல் அசையாத கற்குன்றம் ஓர் அட்டைப்படத்துக்காக நகர்ந்தது! பெருங்கண்டனம் எழுந்தது. 2012இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய நிலக்காட்சிப் படப்போட்டி ஒன்றில் முதற்பரிசு பெற்ற படத்தில், மேகங்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டதும் சிறு படகுகள் நீக்கப்பட்டதும் வெளிப்பட்டுப் பரிசு திரும்பப் பெறப்பட்டது. அப்படத்தின் அழகை யாரும் குறை கூறவில்லை. போட்டியின் விதி ஒன்றாகவும் படத்தின் தன்மை வேறாகவும் இருந்ததே குற்றமாயிற்று.

இங்கேதான் என் வினாவுக்கு விடை தென்படுகின்றது. திருத்தத்தின் எல்லை மென்பொருளில் இல்லை. படம் பார்ப்பவருக்குக் கொடுக்கும் வாக்கில் இருக்கிறது. படத்தின் கீழே ‘கனவு’ என்று எழுதினால், அங்கே இரண்டு நிலவுகள் எழுந்தாலும் கேட்பாரில்லை. ‘காசி, படித்துறை, மார்கழி விடியல்’ என்று எழுதினால், அது சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும். பார்ப்பவர் அதனை நம்பி ஒரு முடிவு செய்யக்கூடும். துணியை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே குளிக்கவும் வரக்கூடும். நான் அழித்தது மின்கம்பியை மட்டுமானால் அத்தைக்கு இழப்பில்லை. புடைவைகளை அழித்ததால் அவ்விடத்தின் வாழ்வை அழித்தேன். சாக்கடையை அழித்ததால், அவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை மறைத்தேன். ஆடம்ஸின் செயலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர் செய்ததைச் சொன்னார். நான் சொல்லவில்லை.

ஆகவே என் உரைகல் மிக எளியது. செய்த திருத்தத்தைப் பார்ப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல நாக் கூசுகிறதா? கூசினால், அந்த எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். ‘நிழலைச் சிறிது உயர்த்தினேன்’ என்று கூற எவரும் கூசுவதில்லை. ‘இரு வேளைகளில் எடுத்த படங்களின் சேர்க்கை’ என்று அடியில் ஒரு வரி எழுதிவிட்டால், அதுவும் கூச்சத்துக்குரியதன்று.

‘சட்டத்துக்கு வெளியே விடுவதும் மறைப்பதுதானே? காமிராவைச் சற்றுத் திருப்பியிருந்தால் சாக்கடை விழுந்திருக்காதே?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. படத்துக்கு நான்கு எல்லைகள் உண்டென்பதும், அவற்றுக்கப்பால் உலகம் இருக்கிறதென்பதும் எல்லோரும் அறிந்தவை. அப்பால் என்ன இருந்தது என்று பார்ப்பவர் கேட்கலாம். எல்லைக்குள் இருப்பதைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார், நம்பிவிடுவார். கேட்க இடமிருக்கும்போது விடுவது வேறு. கேட்க இடமில்லாதபடி அழிப்பது வேறு. ஆயினும், கெடுதல் விளைவிக்கும் ஒன்றை வேண்டுமென்றே வெளியே தள்ளினால், அதுவும் அக்குற்றத்தின் தம்பியே.

கைக்கு உதவும் சில குறிப்புகள்

கொள்கை இருக்கட்டும், அமர்ந்து திருத்தும்போது அளவு மீறியதை எப்படி அறிவது? இயற்கைக்குச் சில சட்டங்கள் உண்டு, அவை உதவும்.

குளத்தில் தெரியும் வானத்தின் பிம்பம், மேலே உள்ள வானத்தைவிட ஒளிமிக்கதாக இருத்தல் இயலாது. அப்படித் தோன்றினால் வானத்தை மிகையாக அடக்கிவிட்டோம். மலைமுகட்டைச் சுற்றி வெள்ளைக் கோடுபோல் ஒளிவட்டம் படர்ந்தால், ‘கான்ட்ராஸ்ட்’ அல்லது ‘கிளாரிட்டி’ என்னும் கருவியை அளவுக்கு மேல் இழுத்துவிட்டோம். வானவில் தோன்றும்போது சூரியன் பார்ப்பவரின் முதுகுப்புறத்தில்தான் இருக்கும். சூரியனும் வானவில்லும் அருகருகே நின்றால் அது ஒட்டுவேலை. முழுநிலவின் விட்டம் வானில் அரைப்பாகை அளவே. விரிந்த காட்சியில் தட்டுப்போல் பெரிய நிலவு நின்றால் யாரும் ஐயுறுவர். பச்சையை மிகுதியாக ஏற்றினால் நாற்று வயல் நெகிழித்தாள் போல் ஆகிவிடும். உண்மைப் பச்சையில் மஞ்சளும் கலந்திருப்பதை வயலருகே வளர்ந்தவர் அறிவர்.

சமையலில் உப்பைப் போன்றது ‘சாச்சுரேஷன்’ என்னும் நிறச்செறிவு. போதுமென்று தோன்றும் அளவு வைத்தபின் அதில் பாதியைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும். நெடுநேரம் திரையையே நோக்கினால் கண் அந்நிறத்துக்குப் பழகி, இன்னும் வேண்டுமென்று கேட்கும். ஆதலால் படத்தை ஓர் இரவு ஊறப்போட்டு, மறுநாட் காலையில் மூலப்படத்தோடு அருகருகே வைத்துப் பாருங்கள். மூலப்படத்தை ஒருநாளும் அழித்துவிடாதீர்கள். பிற்காலத்தில் நமக்காகச் சாட்சி சொல்லப்போவது அதுவே.

நம் வடநாட்டு வாழ்வில் தனியாக எச்சரிக்க வேண்டிய கருவி ஒன்று உண்டு. ‘டிஹேஸ்’ எனப்படும் மூட்டம் விலக்கும் கருவி. மலையில் இயற்கையாகப் படரும் பனியை அது சிறிது விலக்குவதில் தவறில்லை. ஆனால் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கங்கைச் சமவெளியின் மேல் கவிந்திருப்பது பனி மட்டுமன்று. புகையும் தூசியும் அதில் கலந்துள்ளன. அதனைத் துடைத்துவிட்டு நாளும் இடமும் எழுதினால், மூச்சுத் திணறிய ஒரு நாளைத் தெளிந்த நாளென்று ஏட்டில் பதிகின்றோம்.

புலி வருது கதை

இதில் இவ்வளவு என்ன இருக்கிறது, படந்தானே என்று சிலர் நினைக்கலாம். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், ஊரடங்கால் ஆலைகளும் வண்டிகளும் நின்று காற்று தெளிந்தபோது, பஞ்சாபின் ஜலந்தர் நகரத்தார் தம் வீட்டு மாடியிலிருந்து தௌலாதார் பனிமலைகளைக் கண்டனர். பல ஆண்டுகளாகக் காணாத காட்சி. அவர்கள் எடுத்த படங்கள் நாடெங்கும் பரவின. நம் காற்றை எவ்வளவு கெடுத்து வைத்திருக்கின்றோம் என்பதற்கு அப்படங்களைவிடப் பெரிய சான்று வேறில்லை. அந்தச் சான்றுக்கு வலிமை கொடுத்தது எது? மாடிக்கு மேல் தெரிவது உண்மையான மலை என்னும் நம்பிக்கை.

நாள்தோறும் நாம் வானத்தை மாற்றி, மலையை நகர்த்தி, சாக்கடையை அழித்துப் படங்களைப் பரப்பிக்கொண்டே இருந்தால், ‘புலி வருது, புலி வருது’ என்று கூவிய சிறுவனின் கதையாகிவிடும். உண்மையாகவே ஆறு வற்றும்போது, மலை சரியும்போது, காடு எரியும்போது எடுத்த படத்தைக் காட்டினால், ‘எல்லாம் கணிப்பொறி வேலை’ என்று உலகம் கடந்து போய்விடும். எழுத்தால் கட்டளையிட்டாலே காட்சியை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட நிலையில், இந்த அச்சம் மிகையன்று.

என் அத்தை ஊருக்குத் திரும்புமுன் அதே படியில் மீண்டும் ஒரு படம் எடுத்தேன். நிழலை உயர்த்தினேன், சூரியனை அடக்கினேன், நிறத்தைக் கண் கண்டவாறு அமைத்தேன். மின்கம்பி இருக்கிறது. புடைவைகள் இருக்கின்றன. சாக்கடையும் இருக்கிறது. கூடத்துச் சட்டத்தில் இப்போது இருப்பது இந்தப் படந்தான். பார்க்க வருபவர்களிடம் அத்தை அதைக் காட்டி, “குளிக்கப் போனா ரெண்டு படித்துறை தள்ளிப் போயிக் குளிங்க” என்று சொல்லி அனுப்புகிறாராம். பழைய படம் அதைவிட அழகானதுதான். ஆனால் அது யாருக்கும் வழி சொன்னதில்லை.